ஒழுகாத வண்டி

"உனக்கு மனுஷங்களோட பேசறதைவிட சாமான்களோட பேசறதுதான் சுலபமா?"

மாடி அறையை அவளுக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்கார அம்மா ஒரு முறை இப்படிக் கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்றாள். வரவில்லை. குழாயை ஒழுங்காக மூடச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அவள் கடைசிப் படி இறங்கிய பிறகுதான் இவளுக்குப் பதில் தோன்றியது. சாமான்கள் அவசரப்படுத்துவதில்லை. அதைச் சொல்ல அறையில் யாரும் இல்லாததால் குழாயிடம் சொன்னாள்.

தெருவில் அவளைப் பூனை என்பார்கள். நடந்தால் சத்தம் கேட்காது. தொழில், துப்பறிவது. கதவில் மாட்டிய பலகையில் 'விசாரணைகள்' என்ற ஒரு சொல் மட்டும் இருக்கும். பெயர் போடக் கூச்சம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பூனை ஒரு கார் ஷெட்டில் மண்டியிட்டு, வண்டியின் அடியில் இருந்த வெள்ளை எனாமல் தட்டு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் ஒன்றும் இல்லை. தூசியும், செத்துப்போன ஒரு அந்துப்பூச்சியும்தான்.

"ஒழுகல," என்றாள்.

"ஒழுகலேன்னா சந்தோஷம்தானே மேடம்? எங்க வீட்டுக் கூரைக்கு இந்த புத்தி வந்துச்சுன்னா நான் இருக்கற வாளியெல்லாம் தானம் பண்ணிடுவேன்."

இதைச் சொன்னவர் அவளுடைய உதவியாளர். ஐம்பத்தைந்து வயது. இருபத்தாறு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். கடைசி சீட்டுக்கும் கேட்கிற மாதிரி பேசிப் பழகிய தொண்டை, ஓய்வு பெற்ற பிறகும் இறங்கவில்லை. எல்லோருக்கும் அவர் ரேடியோ.

"இது ஒழுகணும்," என்றாள் பூனை.

"ஆமாங்க, ஒழுகணும்," என்று கதவருகில் நின்ற பெண்ணும் சொன்னாள்.

அவள்தான் வழக்கைக் கொண்டுவந்தவள். பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறாள். முப்பது வயதிருக்கும். அவளும் அப்பாவும் மட்டும் இருந்த வீடு. பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை அப்பா ஒரு பையை எடுத்துக்கொண்டு, "ரெண்டு நாள்ல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தே போனார். வரவில்லை. போலீஸில் எழுதிக்கொண்டார்கள். பிறகு எழுதுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

வண்டி அப்பாவுடையது. நாற்பது வயதைத் தாண்டிய, வெண்ணெய் நிறத்தில் கப்பல் போல நீண்ட கார். கிளட்ச் கிடையாது. ஆட்டோமேட்டிக் கியர். அப்பா கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்த்தவர் என்பதால் கரைக்கு வந்த பிறகு கையில் ஒரு இயந்திரம் இல்லாமல் அவருக்கு இருக்க முடியவில்லை.

"ஞாயித்துக்கிழமை வண்டியை வாங்க ஒருத்தர் வந்தார் மேடம்," என்றாள் மகள். "சுத்திச் சுத்திப் பார்த்தார். கீழ படுத்தும் பார்த்தார். எழுந்து, 'இந்த மாடல்ல ஒழுகாத வண்டி இப்பதான் பார்க்கறேன், நல்லா வச்சிருக்கீங்கம்மா'ன்னு சொன்னார். அவர் போனதும் நானும் படுத்துப் பார்த்தேன். அப்பா போனதுலேர்ந்து நான் இந்த ஷெட்டுக்குள்ளயே வரல."

"ஏன் ஒழுகணும்?" என்று ரேடியோ கேட்டார். "ஒழுகறதுக்கு ஒரு சட்டமா?"

"சும்மா நின்னா ஒழுகும் சார். ஓடாம இருந்தா கியர் பாக்ஸுல மேல நிக்கற ஆயிலெல்லாம் மெதுவா கீழ இறங்கிடுமாம். அடியில பேன்னு ஒரு தட்டைப் பாத்திரம் இருக்கு, அது ரொம்பிடும். அப்புறம் கியர் தண்டு போற ஓட்டையில சீல்னு ஒரு ரப்பர் வளையம் இருக்கு, அது வழியா வழியும். வாரத்துக்கு ஒரு தடவை ஓட்டினா ஒண்ணும் ஆகாது. பத்து நாள் நின்னா இந்தத் தட்டு ரொம்பிடும். அப்பா சொல்வார், 'இதைத் தனியா விட்டா பிடிக்காது, அழ ஆரம்பிச்சுடும்'னு."

பதினோரு மாதம் தனியாக நின்ற வண்டி அழவில்லை.

பூனை தட்டை இழுத்து ஓரமாக வைத்தாள்.

"அப்ப யாரோ வாராவாரம் ஸ்டார்ட் பண்றாங்க," என்றார் ரேடியோ. முதல் முறையாகக் குரலைத் தாழ்த்தினார். அது சாதாரண மனிதர்கள் உரக்கப் பேசும் அளவு இருந்தது.

"ஷெட்டுச் சாவி?" என்று பூனை கேட்டாள்.

"ரெண்டு செட்டு. ஒண்ணு உள்ள ஆணியில தொங்குது, என்னோடது. ஷெட்டுப் பூட்டு, கார் ரெண்டும் அதுல இருக்கு. இன்னொண்ணை அப்பா எடுத்துட்டுப் போனார்."

"பூட்டை யாராவது நெம்பின மாதிரி…?"

"இல்லைங்க. பார்த்துட்டேன்." மகளின் கை தன்னையறியாமல் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தது. "அப்பாகிட்ட இருக்கற சாவியாலதான் யாரோ திறக்கறாங்க. அப்பாகிட்ட இருக்கற சாவி மேடம்."

அவள் என்ன கேட்கிறாள் என்பது பூனைக்குப் புரிந்தது. வெள்ளிக்கிழமை வண்டியை எடுத்துப் போக ஆள் வருகிறது. அப்பா உயிரோடு இருக்கிறார் என்றால் விற்க மாட்டாள். இல்லை என்றால், இரண்டு பேருக்கு வாங்கிய இந்த வீட்டில் ஒரு ஆள் பகல் முழுக்க டோக்கன் கொடுத்துவிட்டு வந்து ஓட்டத் தெரியாத ஒரு காரோடு குடித்தனம் பண்ண முடியாது. அவ்வளவுதான் விஷயம். அதை அவள் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை.

ரேடியோ ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். பூனை உட்கார்ந்து சாவியைத் திருகினாள். வண்டி ஒரே மூச்சில் எழுந்தது.

"பதினோரு மாசம் தூங்கிட்டு ஒரே இருமல்ல எழுந்திருச்சு பாருங்க. நான் ஒரு மணி நேரம் கண்ணசந்தாலே எழுப்ப மூணு பேர் வேணும்."

மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்று, கண் கலங்கியது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பூனை இன்ஜினை நிறுத்தினாள். சீட்டிலிருந்து உடனே இறங்கவில்லை. சீட் அவளுக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. கால் பெடலில் சரியாகப் பதிந்தது.

"உங்க அப்பா எவ்வளவு உயரம்?"

"உங்க உயரம்தான் மேடம். கப்பல்ல குட்டி இன்ஜினியர்னுதான் கூப்பிடுவாங்களாம்."

பூனை குனிந்து ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். வளையத்தின் கீழ் விளிம்பில், இடதும் வலதுமாக இரண்டு இடங்களில், துணி உரசிய மாதிரி சிவப்புக் கறை. விரலால் தொட்டாள். முகர்ந்தாள். ஆயில் வாசனை. இறங்கினாள்.

அடுத்தது வண்டிக்கு அடியில். கோணிச் சாக்கை விரித்துப் படுத்து உள்ளே போனாள். கியர் பாக்ஸின் அடியில், தட்டையான இரும்புப் பாத்திரம் ஒன்றைச் சுற்றிலும் போல்ட் போட்டு முடுக்கியிருந்தது. மற்ற இடமெல்லாம் நாற்பது வருஷத்து அழுக்கு. அந்தப் பாத்திரம் மட்டும் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அதற்கும் மேலிருக்கும் பெட்டிக்கும் நடுவில் புதுத் தக்கை பேக்கிங். வெளிர் நிறம். போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கியதில் தக்கை நசுங்கி, பிதுக்கிய உதடு மாதிரி வெளியே வந்திருந்தது. ஒரு மூலையில் ஒரே ஒரு சிவப்புத் துளி, விழலாமா வேண்டாமா என்று நின்றது.

"புது ஆயில்," என்று கீழிருந்து சொன்னாள். "யாரோ பேனைக் கழட்டி, பழசை இறக்கிட்டு, மாத்தியிருக்காங்க. பழைய ஆயில்னா பழுப்பா இருக்கும். கருகின வாசனை வரும்."

"அப்பாதான்!" மகள் உட்கார்ந்தேவிட்டாள். "அப்பா போறதுக்கு முன்னாடி சொன்னார் மேடம், ஆயில் மாத்தற நேரம் வந்துடுச்சுன்னு. வந்து மாத்திட்டுப் போயிருக்கார்."

ரேடியோ இதற்குள் பானெட்டைத் தூக்கி, கியர் ஆயில் அளவு பார்க்கும் நீளக் கம்பியை உருவி, கைக்குட்டையில் துடைத்து, திரும்பச் செருகி எடுத்துப் பார்த்தார். தன் கைக்குட்டையைப் பார்த்துத்தான் அதிகம் வருத்தப்பட்டார்.

"சும்மா சொல்லக் கூடாது. கச்சிதமா ஊத்தியிருக்கார் உங்கப்பா. 'ஃபுல்'னு போட்ட கோட்டுல நூல் பிடிச்ச மாதிரி நிக்குது."

மகள் நிமிர்ந்தாள். "இன்ஜின் நின்னிருக்கே சார்."

"நிறுத்திட்டுத்தானேம்மா பார்ப்பாங்க? எங்க டிப்போவுல மெக்கானிக் அப்படித்தான் பார்ப்பார். இன்ஜின் ஓடும்போது கையை விட்டா விரல் மிஞ்சாது."

"அது இன்ஜின் ஆயிலுக்கு. இது ஆட்டோமேட்டிக் கியருக்கு. இதை இன்ஜின் சூடா ஓடிக்கிட்டே இருக்கும்போதுதான் பார்க்கணும். நான் சின்னப் பொண்ணா இருக்கும்போது என்னை உள்ள உட்கார வச்சு பிரேக்கை மிதிக்கச் சொல்வார். கியரை ஒரு ரவுண்டு எல்லா இடத்துக்கும் கொண்டு போய்ட்டு வந்து, ஓடிக்கிட்டே இருக்கும்போது கம்பியை உருவுவார். நிறுத்திட்டுப் பார்த்தா பொய்க் கணக்கு காட்டும்பார்."

பூனை மறுபடி ஸ்டார்ட் செய்தாள். வண்டி சூடாகட்டும் என்று பத்து நிமிஷம் விட்டாள். கியரை ஒரு சுற்று கொண்டு வந்தாள். பிறகு ரேடியோ, விரல்களிடம் விடைபெறுவது போன்ற முகத்துடன், கம்பியை உருவினார்.

ஆயில் கோட்டுக்கு மிகவும் கீழே, கம்பியின் நுனியில் மட்டும் ஒட்டியிருந்தது. ஒரு லிட்டராவது குறைச்சல்.

 பூனை இன்ஜினை அணைத்தாள். பக்கத்து மர அறுவை மில்லின் இரைச்சல் சுவரைத் தாண்டி வந்து நிரம்பியது. பகலில் இங்கே எந்த வண்டி கிளம்பினாலும் தெருவுக்குக் கேட்காது.

"அப்பா இப்படி ஊத்த மாட்டார்," என்றாள் மகள் மெதுவாக.

"மாட்டார்."

"தக்கையையும் இப்படி நசுக்க மாட்டார். 'பிஸ்கட்டைப் பிடிக்கற மாதிரி பிடிக்கணும்'பார்."

"இது கனமான வண்டியில பழகின கை," என்றாள் பூனை. "பெரிய ஸ்பேனர். இன்ஜினை நிறுத்திட்டு அளவு பார்க்கற பழக்கம். உங்க சொந்தத்துல பஸ், லாரி ஓட்டறவங்க யாராவது…"

"சித்தப்பா லாரி ஓட்டறார். அப்பாவோட தம்பி." மகளின் குரலில் லேசாகக் கோபம் ஏறியது. "அவர் எங்க வரப் போறார்? அப்பா காணாம போனதுக்கப்புறம் இந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கல. நான் போன் பண்ணினா, ரோட்டுல இருக்கேன், அப்புறம் பேசறேம்பார். அந்த அப்புறம் வரவே இல்ல."

ரேடியோ பின்பக்க டிக்கியைத் திறந்தார். காலி ஆயில் டப்பாக்கள் ஆறு, ஒரு புனல், பழைய தக்கை பேக்கிங் ஒன்று, ஆயில் படிந்த செய்தித்தாள்கள் ஒரு கட்டு. அவர் தாள்களை டிக்கெட் கட்டு எண்ணுவது போல எச்சில் தொட்டுப் புரட்டினார்.

"மேடம், இந்த ஆளுக்கு வாரத்துல ஒரு நாள்தான் உலக நடப்பு தேவைப்படுது. பத்தொன்பது பேப்பர். பத்தொன்பதும் புதன்கிழமை."

"சித்தப்பாவுக்குப் புதன்கிழமைதான் லீவு," என்றாள் மகள்.

நாளை புதன்.

மகள் எழுந்தாள். அவள் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஏதோ வந்தது. "அப்படின்னா சித்தப்பாவுக்குத் தெரியும்! அப்பா அவர்கிட்டதான் இருக்கார். சாவியைக் கொடுத்து அனுப்பறார். என் மேல ஏதோ கோபம், நேர்ல வரல. ஆனா வண்டி அழக் கூடாதுன்னு தம்பியை அனுப்பறார். அப்படித்தானே மேடம்? சாவி சித்தப்பாகிட்ட இருக்குன்னா அப்பாதானே கொடுத்திருக்கணும்?"

ரேடியோவும் ஆவலாகத் தலையாட்டினார். "சரியாத்தானே வருது மேடம்? ஸ்டேஜ் பை ஸ்டேஜ் சரியா வருது."

பூனை ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்புக் கறை இருந்த இடங்கள் உட்கார்ந்திருப்பவரின் முழங்கால் இடிக்கிற இடங்கள். குட்டி இன்ஜினியருக்கு அங்கே இடிக்காது.

"நாளைக்கு வழக்கம் போல வேலைக்குப் போங்க," என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அவர்கள் கிளம்பும்போது மகள் கொடியில் ஒரு போர்வையை உலர்த்திக்கொண்டிருந்தாள். ஆண்கள் போர்த்திக்கொள்கிற கட்டம் போட்ட போர்வை. ரேடியோ அதைப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தார். பூனை தன் அறைக்குப் போய் ஒரு ஆளுக்குச் சமைத்து, பாதியைச் சாப்பிட்டு, மீதியை மூடி வைத்தாள்.

புதன்கிழமை காலை எட்டரைக்கு மகள், இருவரையும் சமையலறை வழியாக ஷெட்டுக்குள் விட்டுவிட்டு, கைப்பையோடு வேலைக்குக் கிளம்பினாள். ஒன்பது மணிக்குப் பூனை, ஷெட்டின் மூலையில் சாமான் பலகைக்குப் பின்னால், கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். ரேடியோவுக்கு ஒளிந்துகொள்ள இடமே கிடைக்கவில்லை. கடைசியில் காரின் பின்சீட்டில் கோணிச் சாக்கைப் போர்த்திப் படுத்தார்.

"இருபத்தாறு வருஷம் நின்னுகிட்டே வேலை பார்த்தேன். கடைசி சீட்டுல படுத்துகிட்டு வேலை பார்க்க இப்பதான் கொடுத்து வச்சிருக்கு."

"உஷ்."

பத்தேகாலுக்குப் பூட்டு திறந்தது. கதவை ஒரு ஆள் அகலத்துக்குத் தள்ளிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி ஒருவர் உள்ளே வந்தார். நல்ல உயரம். நரைத்த மீசை. அக்குளில் செய்தித்தாள். கைகளில் எந்த அவசரமும் இல்லை. கதவைச் சாத்தாமல் வெளிச்சத்துக்காக விட்டுவிட்டு, செய்தித்தாளை வண்டியின் அடியில் விரித்தார். தட்டு ஓரத்தில் இருப்பதைப் பார்த்து ஒரு கணம் நின்றார். பிறகு அதைப் பழைய இடத்துக்கே தள்ளி வைத்தார்.

கதவைத் திறந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட மடங்கினார் என்று சொல்ல வேண்டும். இரண்டு முழங்கால்களும் ஸ்டியரிங்கின் இரு பக்கமும் எழும்பி முட்டின. அப்படியே சாவியைத் திருகினார். இன்ஜின் ஓட ஆரம்பித்தது.

வண்டியை நகர்த்தவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தார். பிறகு பக்கத்துக் காலி சீட்டுப் பக்கம் திரும்பி, அங்கே ஒரு ஆள் இருப்பது போல் பேசினார்.

"கண்ணு, சித்தப்பா ஒண்ணு சொல்லணும்." நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். "கண்ணு, முதல்ல நீ உட்காரு. உங்க அப்பா…" மறுபடி நிறுத்தினார். தலையை ஆட்டினார். "இல்ல. அப்படி ஆரம்பிக்கக் கூடாது."

பின்சீட்டில் கோணிச் சாக்கு மூச்சு விடுவதை நிறுத்தியது.

பூனை எழுந்து போய் ஓட்டுநர் பக்கத்து ஜன்னலருகில் நின்றாள். அவருக்கு அவள் வந்ததே தெரியவில்லை. அவளுக்கோ முதல் வார்த்தை எப்போதும் கஷ்டம்.

"சீட்டைப் பின்னாடி தள்ளிப் போட்டுக்கலாமே," என்றாள்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். திருடன் போல ஓடவில்லை. யார் நீ என்று கேட்கவும் இல்லை. முழங்காலைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"அது அண்ணன் வச்ச இடம்," என்றார்.

பூனைக்கு நேற்றே தெரிந்த விஷயம்தான். ஊருக்குப் போனவனின் சீட்டை யாரும் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள், வந்தால் இழுத்துக்கொள்வான். பத்தொன்பது புதன்கிழமை முழங்கால் நோக உட்கார்ந்து, ஒரு அங்குலம்கூட நகர்த்தாமல் காப்பாற்றுகிற இடம், இனி வராதவனின் இடம். நேற்று அவளால் அதை அந்தப் பெண்ணிடம் சொல்ல முடியவில்லை. தான் நினைத்தது தப்பாக இருக்க வேண்டும் என்று ராத்திரி முழுக்க விரும்பினாள்.

"எப்ப?" என்று கேட்டாள்.

"வீட்டை விட்டுப் போன ரெண்டாம் நாளே."

பின்சீட்டில் சாக்கை விலக்கிக்கொண்டு ரேடியோ எழுந்தார். பெரியவர் அவரையும் பார்த்தார். அதற்கும் ஆச்சரியப்படவில்லை. யாராவது கேட்க வேண்டும் என்று அத்தனை நாள் காத்திருந்தவர் போல, கேட்டவர் யாராக இருந்தாலும் சரி என்பது போல, பேச ஆரம்பித்தார்.

"வயித்துல ஒரு கட்டி. பொண்ணுக்குத் தெரியாம காட்டிட்டு வந்துடலாம்னு அடுத்த ஊரு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆஸ்பத்திரிச் சீட்டுல என் போன் நம்பரைத்தான் கொடுத்திருந்தார். அறுத்தாங்க. அப்புறம் கண்ணே முழிக்கல. நான் போய்ச் சேரும்போது பையும் சாவிக்கொத்தும்தான் கொடுத்தாங்க. அங்கயே அடக்கம் பண்ணிட்டு, அன்னிக்குச் சாயங்காலமே இங்க வந்தேங்க. சத்தியமா வந்தேன். வாசல் கேட் பக்கத்துல நின்னேன். ஜன்னல் வழியா தெரிஞ்சுது. பொண்ணு ரெண்டு தட்டு எடுத்து வச்சுட்டு உட்கார்ந்திருந்துச்சு. அப்பா வர்ற நாள் அது. ரெண்டு நாள்னு சொல்லிட்டுப் போனாரே."

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"என்னால முடியல. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு போயிட்டேன். நாளைக்கும் முடியல. முதல் நாளே சொல்லியிருந்தா அது துக்கம். பத்து நாள் கழிச்சுச் சொன்னா அது குத்தம். மூணு மாசம் ஆச்சு, ஆறு மாசம் ஆச்சு. எதைச் சொல்றதுன்னே தெரியல. அப்பா செத்ததைச் சொல்றதா, நான் மறைச்சதைச் சொல்றதா?"

"இங்க எதுக்கு வர்றீங்க?" என்று ரேடியோ கேட்டார். அவருடைய குரல் பக்கத்து சீட்டுக்கு மட்டும் கேட்டது.

"சொல்லத்தாங்க. அஞ்சு மாசமா லீவு நாள்ல வந்து, பொண்ணு வேலையிலேர்ந்து வர்ற வரைக்கும் இருந்து, சொல்லிட்டுப் போகணும்னு. காலையிலேயே வந்துடுவேன். காத்திருக்கற நேரத்துல கை சும்மா இருக்கல. வண்டியைக் கிளப்புவேன். துடைப்பேன். முதல் தடவை வந்தப்ப ரொம்பிக் கிடந்த தட்டைக் கழுவி வச்சேன். ஆயில் மாத்தினேன். ஒழுகற இடத்தையெல்லாம் இறுக்கினேன். அஞ்சு மணி ஆனதும்…" உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தார். "அஞ்சு மணி ஆனதும் கால் தானா கிளம்பிடுது."

ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் கதவு உண்டு. சமையலறைக்குள் திறக்கும். அது இப்போது திறந்திருந்தது. எப்போது திறந்தது என்று பூனைக்கே தெரியவில்லை. மகள் நின்றிருந்தாள். வேலைக்குப் போன புடவை, தோளில் கைப்பை. தெருவைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகத் திரும்பி வந்திருக்கிறாள். அப்பாவை முதலில் பார்க்க வேண்டும் என்று வந்திருக்கிறாள்.

பெரியவர் காரிலிருந்து இறங்க முயன்றார். முழங்கால் சிக்கியது. கஷ்டப்பட்டு இறங்கி, கதவைப் பிடித்தபடி நின்றார்.

"கண்ணு."

அவள் அழவில்லை. கணக்குப் போடுகிறவள் போல அவரைப் பார்த்தாள்.

"ரெண்டாம் நாளா?"

அவர் தலையசைத்தார்.

"அப்ப நான் போலீஸ் ஸ்டேஷன்ல போட்டோ கொடுத்தேனே, அன்னிக்கு?"

தலையசைத்தார்.

"பஸ் ஸ்டாண்டுல உங்ககிட்ட போன்ல அழுதேனே சித்தப்பா, அன்னிக்கு? அப்பா மாதிரியே ஒருத்தர் போறார்னு பின்னாடியே ஓடினேன்னு சொன்னேனே? 'சரி கண்ணு, வீட்டுக்குப் போ'ன்னீங்களே?"

அவர் குனிந்து தட்டைப் பார்த்தார். 

ரேடியோ பின்சீட்டிலிருந்து இறங்கி வந்து, முன்பக்கம் கை நீட்டி இன்ஜினை அணைத்தார். மில்லின் இரம்பம் ஒரு மரத்தை முடித்துவிட்டு அடுத்த மரத்துக்காக நின்றிருந்த நேரம் அது. திடீரென்று எங்கும் அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் அவள் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"புதன்கிழமையில நான் அஞ்சேகாலுக்கெல்லாம் வந்துடுவேன். ஒரு கால் மணி நேரம் இருந்திருக்கலாம் நீங்க."

பூனை தரையைப் பார்த்தாள். வழக்கு முடிந்துவிட்டது. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவளுடைய தொழிலில் இந்த இடத்துக்கு வந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்தப் பெண்ணின் தோளில் கை வைக்கலாம் என்று நினைத்தாள். நினைத்தபடியே நின்றாள்.

"எங்க வச்சிருக்கீங்க?" என்று மகள் கேட்டாள்.

பெரியவர் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற மயானம். மதில் ஓரம், நாலாவது வரிசை, கடைசி. எந்த பஸ்ஸில் ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்றும் சொன்னார். மனப்பாடம் செய்து வைத்திருந்த ஒரே பகுதி அதுதான் போல, அதை மட்டும் தடுமாறாமல் சொன்னார்.

"கல்லு இன்னும் வைக்கல. பேரு எழுதணும்ல. நீ சொல்லித்தான் எழுதணும்னு விட்டு வச்சிருக்கேன்."

"பூ ஏதாவது வச்சீங்களா?"

"ரெண்டு தடவை."

மகள் தலையை ஆட்டினாள். காரைப் பார்த்தாள். பானெட்டின் மேல் கையை வைத்தாள். சூடாக இருந்திருக்க வேண்டும், எடுத்துவிட்டாள்.

"ஆயில் ஒரு லிட்டர் குறையுது சித்தப்பா. இதை ஓட்டிக்கிட்டே பார்க்கணும், நிறுத்திட்டுப் பார்க்கக் கூடாது. உங்களுக்கு யாரும் சொல்லல."

"ஊத்திடறேன் கண்ணு. இப்பவே வாங்கிட்டு வந்து ஊத்திடறேன். நீ இரு. நானே உன்னை அங்க கூட்டிட்டுப் போறேன். இந்த வண்டியிலயே போகலாம். நான் ஓட்டறேன்."

அவள் உள்ளே போனாள். சமையலறையில் குழாய் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அலமாரி ஒன்று திறந்தது. மூன்று பேரும் அந்தச் சத்தங்களைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். சித்தப்பா சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொண்டார். கூட்டிப் போவதற்குத் தயாராகிறவர் போலச் செய்தித்தாளைக் குனிந்து எடுத்து மடித்தார். ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து வைத்து, அங்கே தூசியைத் தட்டினார்.

மகள் வெளியே வந்தபோது கையில் வேறொரு பை, கொஞ்சம் பெரியது. முகத்தைக் கழுவியிருந்தாள். நெற்றியோரத்தில் தண்ணீர் நின்றது. சமையலறைக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள்.

"இப்படி ஏறு கண்ணு," என்றார் சித்தப்பா.

அவள் திறந்திருந்த கார்க் கதவைத் தாண்டினாள். பூனையைத் தாண்டினாள். ரேடியோ வழிவிட்டு ஒதுங்கினார். வாசலில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி ஒரு கணம் நின்று, பையைத் தோள் மாற்றிக்கொண்டு, பஸ் நிற்கும் திசையில் நடந்தாள்.